கீப்பரின் குரல்

ஆட்டோ ஒன்று வாசலில் கிறீச்சிட்டு நின்றது. அதிலிருந்து இறங்கிய நெட்டை ஆளைப் பார்த்ததும் எபநேசர் துள்ளி எழுந்தார். கஜபதி! எபநேசர் கால்பந்து அணியில் தடுப்பாட்டக்காரராக ஆடிய பதினோரு வருடமும் அவருக்குப் பின்னால் நின்று கோல் காத்தவர்.

"இன்னாடா, கோல் போஸ்ட்ட விட தொப்பை அகலமா கீது?" என்றார் எபநேசர்.

"நீ மட்டும்? முட்டியில ரெண்டு தகடு வச்சிக்கினு!"

டீ ஆறும்வரை பழைய மைதானங்களில் ஓடினார்கள். சேறு அப்பிய பூட்ஸ், எபநேசர் தலையால் வெட்டியனுப்பிய கார்னர்கள், நெற்றியில் ஒன்பது தையலோடு ஆடி முடித்த அரையிறுதி. இறுதியாட்டத்தை மட்டும் தொடவில்லை. கடைசியில் கஜபதிதான் தொட்டார்.

கோல் கீப்பர் 'கீப்பர்!' என்று கத்தினால் மற்றவர்கள் பந்தை விட்டுவிட வேண்டும். அன்று எபநேசர் விடவில்லை. பந்து அவர் தலையில் பட்டுச் சொந்த வலைக்குள் போனது, கோப்பையும் போனது. தான் கத்தியதாகக் கஜபதி நிருபர்களிடம் சொன்னார். அதன்பின் எபநேசரை எந்த அணியும் எடுக்கவில்லை.

"இருபத்தாறு வருஷமா யோசிக்கிறேன் மச்சான். நெஜமாவே கத்துனேனா, கத்துனதா சொல்லிக்கினேனான்னு எனக்கே தெரியல. நீயே சொல்லு, உனக்குக் கேட்டுச்சா?"

எபநேசர் காதிலிருந்த கருவியைக் கழற்றி, கஜபதியின் கையில் வைத்தார்.

"இது வயசாகி வந்தது இல்லடா. அந்த ஃபைனலுக்கு முந்தின வருஷமே காது போயிடுச்சு. சொன்னா டீம்ல வச்சிருப்பானுங்களா?"