பிரசவ மேசை

மேசையின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

அதைத் தூக்க வந்த நான்கு பேரும் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள். வெளியே லாரி உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்தான்.

இந்த மலையில், பிரசவ மேசையில் ஒரு பெண் படுத்திருந்தால் எந்த ஆணும் உள்ளே கால் வைக்கமாட்டான். பெற்ற அப்பனும் சரி, கட்டிய புருஷனும் சரி.

அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. கர்ப்பப்பையை எடுத்து ஆறு வருடமாகிறது. அது அந்த நால்வருக்கும் நன்றாகவே தெரியும். அவர்களில் ஒருவன் அவளுடைய கொழுந்தன்.

ஆனாலும் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.

பிரசவ வார்டை மூடுகிறார்கள். மேசை, பிறந்த குழந்தையைச் சூடாக வைக்கும் பெட்டி, எல்லாம் இன்றைக்குக் கீழே போகிறது. இனிமேல் பிரசவம் என்றால் மாவட்ட ஆஸ்பத்திரி. இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும்.

மூன்று மாதமாக ஊர் மனு கொடுத்தது. கடையடைத்தது. மறியல் செய்தது. மறியல் செய்தவர்களைப் பிடித்துக் கல்யாண மண்டபத்தில் அடைத்து, மதியம் தக்காளி சாதம் போட்டு, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். சாதம் நன்றாகத்தான் இருந்தது.

காரணம் கேட்டால், இங்கே பிரசவமே குறைந்துவிட்டது என்றார்கள். மாதத்துக்கு நாலுகூடத் தேறவில்லையாம்.

அது பொய்யில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

மூத்த மகள் பிறந்தது இதே மேசையில். அந்த மகளுடைய தலைப்பிரசவத்துக்கு அவள் இங்கே வரவில்லை. சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று, கீழே ஏசி ரூம் உள்ள தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஊரில் பாதி வீடு அதையேதான் செய்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்பாயிற்றே. கௌரவம் பார்க்காமல் முடியுமா.

கௌரவம் பார்த்துப் பார்த்து நாமே வார்டைக் காலி செய்தோம்.

நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

இப்போது இளையவள் வந்திருக்கிறாள். வளைகாப்பு முடிந்து, இரண்டு கையும் நிறைய வளையலோடு. இன்றோ நாளையோ வலி வந்துவிடும்.

போன மாதம், ஞாயிற்றுக்கிழமை பிரசவம் பார்ப்பதில்லை என்று இங்கே போர்டு மாட்டினார்கள். அடுத்த ஞாயிறே பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு வலி எடுத்தது. பதினோராவது வளைவில், ஜீப்பிலேயே பெற்றாள்.

குழந்தை தங்கவில்லை.

மணி ஒன்றாயிற்று. மேசையின் ரெக்சின் பாதி கிழிந்திருந்தது. கீழே இருந்த இரும்பு இடுப்பில் குத்தியது. அவள் அசையவில்லை.

மாவட்டத்திலிருந்து வந்திருந்த அதிகாரி கதவுக்கு வெளியே நின்றபடியே கேட்டார்.

"உங்களுக்கு எத்தனாவது மாசம்மா?"

தூக்க வந்தவர்களில் ஒருவன் சிரித்தான். கொழுந்தன் முறைத்ததும் நிறுத்திக்கொண்டான்.

"நான் இறங்குனா என்ற புள்ள எங்கீங்க ஏறுவா?" என்றாள்.

அதிகாரி போனை எடுத்தார். மகளிர் போலீஸை அனுப்பும்படி சொன்னார். மறுமுனையில் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். இரண்டு முறை "சரி" என்றார். போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"எவ்வளவு நேரம் ஆகும் சார்?"

கேட்டது வளர்மதி. இந்த வார்டின் ஒரே ஸ்டாஃப் நர்ஸ். காலையிலிருந்து மூலையில் நின்றவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். அவள் கையில் அவளுடைய மாற்றல் உத்தரவு இருந்தது.

"கீழேயிருந்து வரணும்ல. ரெண்டரை மணி நேரமாவது ஆகும்ங்கிறாங்க. ஒம்பதாவது வளைவுல யானை நிக்குதாம்."

வராண்டா முழுக்க ஊர்ப் பெண்கள். சலசலப்பு சட்டென்று அடங்கியது.

தான் என்ன சொன்னோம் என்பது அதிகாரிக்கே அப்போதுதான் உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"என்ற புள்ளைக்கும் அந்த வழிதானுங்க" என்றாள் மேசையில் இருந்தவள். குரலை உயர்த்தவில்லை.

வளர்மதி மாற்றல் உத்தரவை நான்காக மடித்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். பிரஷர் பார்க்கும் பட்டையை எடுத்து, படுத்திருந்தவள் கையில் சுற்றினாள். பார்த்துவிட்டு, அட்மிஷன் நோட்டை விரித்தாள்.

"பேரு?"

பன்னிரண்டு வருடமாகப் பழகியவள் கேட்கிறாள்.

"மாதேவி."

"என்ன பண்ணுது?"

பொய் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

"இடுப்பு வலிக்குதுங்க."

வளர்மதி அதை அப்படியே எழுதினாள். நேரத்தையும் எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.

"சிஸ்டர், என்ன பண்றீங்க? இன்னைக்கு வார்டைக் காலி பண்ணியாகணும்."

"பேஷன்ட் இருக்கிற வார்டை எப்படிக் காலி பண்றது சார்?"

"உங்க வேலை போயிரும்."

"தெரியும் சார்."

பேனா மூடியை இரண்டாம் முறைதான் அவளால் சரியாகப் போட முடிந்தது.

பிறகு வராண்டாவைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"அடுத்து யாரு? எல்லாரும் ஆதார் கார்டைக் கையில எடுத்து வச்சுக்குங்க."