ஒற்றைக் கோடு சிக்னல்

மடிக்கணினியைத் திறந்துவிட்டு அவள் காபி போடப் போனாள்.

காபி குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள். திரையில் அந்தச் சின்ன வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு வாரமாக இதே கூத்து. காலையில் திறந்தால் நெட் நகராது. வட்டத்தைப் பார்த்துப் பார்த்து அவளுக்கே தலை சுற்றியது.

வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்த்தாள்.

கணினி விழித்ததும் தானாக ஓடிவரும் சமாச்சாரங்களை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். அதில் பாதி எதற்கென்றே தெரியாது.

பெட்டியை ஜன்னலிலிருந்து அலமாரிக்கு மாற்றினாள். அலமாரியிலிருந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

சாமியும் கைவிட்டுவிட்டார்.

புதிதாக வாங்கிய போனில் மட்டும் நெட் பறந்தது. அதுதான் பெரிய எரிச்சல்.

இன்று எரிச்சல்பட நேரமில்லை. மகள் இதழினியின் காதுகுத்துப் பத்திரிகையைச் சாயங்காலத்துக்குள் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். எல்லாம் தயார், ஒரு வரியைத் தவிர.

தாய்மாமன் என்று போட்டிருந்தாள். எதிரே காலி.

தாய்மாமன் தொலைவில் இல்லை, கீழ்வீட்டில்தான் இருக்கிறான். தினமும் படியிறங்கி அண்ணன் வாசலைத் தாண்டித்தான் அவள் தெருவுக்குப் போகிறாள். தாண்டும்போது தன் செருப்பைப் பார்த்துக்கொள்வாள்.

போன வருடம், தண்ணீர் மோட்டாரை யார் அணைக்காமல் விட்டது என்பதில் ஆரம்பித்தது. தொட்டி வழிந்ததைவிட வாய்தான் அதிகம் வழிந்தது. "என் வீட்டு நெட்ட வச்சுத்தானே வேலை பாக்குற" என்று சொல்லிவிட்டான். மறுநாளே அவள் தனி இணைப்பு வாங்கினாள். அன்று மாலையே அவன் தன் வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றினான். ரோஷத்தில் இரண்டு பேரும் ஒரே அச்சு.

ஆனால் அவன் மடியில்தான் மகள் உட்கார வேண்டும். குத்தியதும் அவன் தோளில்தான் அழ வேண்டும். முதல் பத்திரிகை தாம்பூலத் தட்டோடு அவனுக்குத்தான் போக வேண்டும்.

கொண்டுபோய் நிற்கும்போது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால்?

"உன் சித்தி மகன உக்கார வச்சுக்கலாம்" என்று கணவன் யோசனை சொன்னான். அன்று அவனுக்கு ரசம் கிடைக்கவில்லை.

வேறு வழியில்லாமல் நெட் கம்பெனிக்குப் போன் செய்தாள். நீண்ட நாதஸ்வரத்துக்குப் பிறகு ஒரு பெண் வந்தாள்.

"மேடம், லேப்டாப் ஆன் ஆனதும் எந்த வைஃபைல போய் சேருதுன்னு பாருங்க. சில நேரம் பழசு எதுலயாவது தானா ஒட்டிக்கும்."

பார்த்தாள்.

இதழினி மாமா.

பக்கத்தில் ஒரே ஒரு கோடு சிக்னல்.

"இருந்தா அத அழிச்சிருங்க மேடம். சரியாயிரும்."

அவள் அழிக்கவில்லை. போனை எப்போது வைத்தாள் என்றும் தெரியவில்லை.

மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அண்ணன் தன் வைஃபைக்குச் சூட்டிய பெயர் அது. தெருவில் எவன் போனைத் திறந்தாலும் நான் யாரென்று தெரியட்டும் என்று சொன்னான். சண்டையோடு அந்தப் பெயர் போயிற்று. கம்பெனிக்காரன் வைத்த எண்கள்தான் வருடம் முழுக்க அங்கே இருந்தன.

போன பெயர் தானாகத் திரும்பி வராது. பழைய கடவுச்சொல்லும் வராது. அவள் கணினி உள்ளே நுழைந்திருக்கிறதென்றால், ஒருவர் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகத் தட்டியிருக்க வேண்டும்.

அவனுக்கு ஒற்றை விரல்தான் ஓடும்.

போன வாரம்தான் கோயிலில் நாள் குறித்தார்கள். அண்ணியின் காதுக்கு எட்டாமலா இருந்திருக்கும்?

ஒரு வாரமாக அவன் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அவள் பெட்டியைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. இரண்டையும் துடைத்துக்கொள்ள ஒரே முந்தானைதான் இருந்தது. இவ்வளவு சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குப் புரியவில்லை.

எழுந்து போய் மாடிப்படியின் உச்சியில் நின்றாள். சொல்ல எவ்வளவோ இருந்தது. ஒன்றும் வரிசைக்கு வரவில்லை.

"அண்ணே, சிக்னல் ஒரு கோடுதான் வருது."

கீழே ஓடிக்கொண்டிருந்த மிக்சி நின்றது.

டிவி நின்றது.



பிறகு ஸ்டூல் இழுபடும் சத்தம். ஏதோ உருண்டு விழுந்தது. "பெட்டி ஒயரு எட்டாது, அந்த எக்ஸ்டென்ஷன எடுத்துக் குடு" என்று அண்ணன் அண்ணியிடம் சொல்வது கேட்டது. வருடம் முழுக்கக் கேட்காத குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது.

படியில் காலடி ஏறியது. பாதியில், திருப்பத்து ஜன்னல் அருகே நின்றது.

அவள் உள்ளே ஓடிவந்து கணினி முன் உட்கார்ந்தாள்.

இரண்டு கோடு.

தாய்மாமன் என்ற வரிக்கு எதிரே, ந. பூபாலன் என்று அடித்தாள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினாள். இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள். இப்போது அது மகளின் பெயரைவிடப் பெரிதாக இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மூன்று கோடு.

நான்காவது வந்ததை அவள் பார்க்கவில்லை. சமையலறையில் தாம்பூலத் தட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பாதிப் படி ஏறிய காலடி இன்னும் இறங்கிப் போகவில்லை.