புகாரே இல்லாத வளாகம்

"பறிச்சுட்டுப் போனான்னு எழுதாதம்மா. தொலைஞ்சு போச்சுன்னு எழுது."

பல்கலைக்கழகப் பாதுகாப்பு அதிகாரி சொன்னதைக் கேட்டு, மாணவி பேனாவைக் கீழே வைத்தாள். வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தாள்.

"நான் தொலைக்கலை சார். லைப்ரரிக்குப் பின்னாடி பைக்ல வந்தவன் என் கையை முறுக்கி போனைப் பிடுங்கிட்டுப் போனான். நேத்து சாயங்காலம், நல்ல வெளிச்சம் இருக்கும்போதே."

"சரி. இப்ப போன் உன்கிட்ட இருக்கா?"

"இல்ல."

"அப்ப தொலைஞ்சதுதானே!"

அதிகாரிக்கு இது கைவந்த கலை. அவர் மேஜையில் இரண்டு பதிவேடுகள் இருந்தன. 'புகார்கள்' என்று எழுதியது மூன்று வருடமாகக் கசங்காமல் புத்தம் புதிதாக இருந்தது. 'தொலைந்த பொருட்கள்' நாலாவது நோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நம்பினால், உலகத்து மறதிக்காரர்கள் எல்லாம் இங்கேதான் வந்து படிக்கிறார்கள். ஒருத்தி கழுத்துச் சங்கிலியைத் தொலைத்திருந்தாள், கழுத்தில் கீறலோடு. ஒருவன் பூட்டிய அறையிலிருந்து லேப்டாப்பைத் தொலைத்திருந்தான், பூட்டையும் சேர்த்து.

"அப்ப இந்தக் காயம்?" மாணவி கையை நீட்டினாள்.

"படியில விழுந்தேன்னு போடு. படிக்கட்டை யாரும் விசாரிக்கப் போறதில்லை."

"போன் போனா போகட்டும் சார். அவன் மூணு நாளா அங்கயே சுத்திட்டிருக்கான். எங்க ஹாஸ்டலுக்கு இருக்கிறதே அந்த ஒரு வழிதான். இன்னைக்கும் பொண்ணுங்க அப்படித்தான் நடந்து வருவாங்க. புகார் பதிவான இடத்துலதான் காவலுக்கு ஆள் போடுவாங்களாமே?"

"யார் சொன்னது?"

"உங்க ஆபீஸ் கதவுல ஒட்டியிருக்கு சார்."

அதிகாரி, பக்கத்து மேஜையில் இருந்த எழுத்தர் அம்மாளைப் பார்த்து முறைத்தார்.

"மேலிடத்து உத்தரவு சார், ஒட்டச் சொன்னாங்க" என்று அவள் முணுமுணுத்தாள்.

"ஒட்டச் சொன்னா ஒட்டிடறதா? படிக்கிற மாதிரியா ஒட்டுவாங்க?"

பிறகு மாணவி பக்கம் திரும்பியபோது அவர் குரலில் தேன் வழிந்தது.

"இங்க பாரும்மா, நானும் ஒரு பொண்ணைப் பெத்தவன்தான். அடுத்த வாரம் நமக்கு 'பாதுகாப்பான வளாகம்' விருது தர்றாங்க, வரிசையா மூணாவது வருஷம். இந்த நேரத்துல ஒரு புகார் பதிவானா என்ன ஆகும்? பேப்பர்ல வரும். அப்புறம் எந்த அப்பன் நம்பி இங்க பொண்ணை அனுப்புவான்? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

உன் நல்லதுக்கு என்று ஆரம்பிக்கிற ஆளிடம் கொஞ்சம் தள்ளி நிற்பதுதான் நல்லது. பாவம், அவளுக்குத் தள்ளி நிற்க இடமில்லை.

"நான் நடந்ததைத்தான் எழுதுவேன்னா?"

"எழுதேன்! விசாரணை வைப்பேன். உங்க வீட்டுக்குப் போன் போகும். அந்த நேரத்துல தனியா அங்க என்ன வேலைன்னு உங்க அப்பா கேப்பாரு. அடுத்த பஸ்ஸுலயே வந்து கூட்டிட்டுப் போனாலும் போவாரு. படிப்பு வேணுமா, புகார் வேணுமா?"

அவள் பேனாவை எடுத்து, 'தொலைந்து போனது' என்று எழுதினாள். பிறகு கட்டுப்போட்ட கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனாள்.

எழுத்தர் அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை.

"சார், அந்த வழிக்கு ஒரு காவலாளியையாவது அனுப்பலாமே?"

"புகாரே இல்லாத இடத்துக்குக் காவலாளி எதுக்கும்மா?"

அந்தச் சாமர்த்தியத்தை அவரே ரசித்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது அவருடைய போன் அடித்தது. அவர் மனைவி. அந்த அம்மாளுக்குப் பிறவியிலேயே ஒலிபெருக்கிக் குரல்.

"என்னங்க, பாப்பாவுக்கு ரெண்டு காலேஜ்லயும் இடம் கிடைச்சிருக்கு! இன்னைக்கே சொல்லணுமாம். ஒண்ணுல போன வருஷம் மட்டும் நாப்பத்தேழு புகாராம், வெப்சைட்ல போட்டிருக்காங்க. இன்னொண்ணுல அஞ்சு வருஷமா ஒண்ணுகூட இல்லை. ஒண்ணுமே இல்லாத காலேஜ்லயே சேர்த்துடவா?"

அதிகாரி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"உனக்கென்ன பைத்தியமா? பெத்த பொண்ணைக் கொண்டுபோய் அங்க தள்ளுவியா? நாப்பத்தேழு இருக்கிற இடத்துல சேர்த்துடுடி! அங்கதான் ஒரு பொண்ணு வந்து சொன்னா, சொன்னதை அப்படியே எழுதிக்கிறாங்க!"