துக்க வீட்டு டி.வி.

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு அண்ணன். அவருக்கு ஒரே ஒரு தங்கச்சி. ஊர், மதுரை. அண்ணன் வெங்கடரமணன், சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிறவர். தங்கச்சி ராதாமணி, பரமக்குடியில் வாக்கப்பட்டவள்.

அண்ணன் பெண்டாட்டி கனகலட்சுமி போய்ச் சேர்ந்து அன்றோடு எட்டு நாள். பிள்ளை குட்டி கிடையாது. மூன்றாம் நாள் ராதாமணி ஊர் திரும்பும்போது, அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இனி பத்தாம் நாள் காரியத்துக்கு வந்தால் போதும் என்றிருந்தவளுக்கு, அடுத்த வீட்டு ஜனகராஜிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது.

"உடனே வரவும். மற்றவை நேரில்."

அவ்வளவுதான். மற்றவை என்றால் என்ன?

அந்த ஒரு வார்த்தை அவளை பஸ்ஸில் உட்கார விடவில்லை. மானாமதுரை தாண்டி டயர் வேறு வெடித்தது. மாற்றிக் கிளம்ப இரண்டு மணி நேரம். அண்ணன் சாப்பிடாமல் கிடந்து மயக்கமாகி... ஆஸ்பத்திரியில் சேர்த்து... சேர்த்தும்... முந்தானையைத் திருகித் திருகி ஓரத்து நூலே பிரிந்துவிட்டது.

தெருவுக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டு. ஊரே அடங்கிக் கிடக்கிறது. அண்ணன் வீட்டில் மட்டும் விளக்கு. வாசலில் ஏழெட்டு ஜோடிச் செருப்பு.

ராதாமணி படியிலேயே நின்றாள். இந்நேரத்துக்கு இம்புட்டுச் செருப்பு என்றால்?

உள்ளேயிருந்து கொல்லென்று ஒரு சிரிப்புச் சத்தம்.

கனகலட்சுமி படத்துக்குப் போட்ட மாலை வாடித் தொங்குகிறது. அதற்கு எதிரிலேயே, அந்த வீட்டில் இதுவரை இல்லாத ஒரு டி.வி. மெக்ஸிகோவில் உலகக் கோப்பை ஃபுட்பால். சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, குழம்புக் கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு ஜனகராஜ் வர்ணனை செய்துகொண்டிருந்தார்.

"வாரான்யா, வாரான்! கை காட்டியும் நிக்காத திருமங்கலம் பஸ்ஸு மாதிரி வாரான்! கோல்கீப்பர் நிக்கிற நெலமயப் பாருங்க, பொண்ணு பாக்க வந்த எடத்துல கேசரிக்குக் கை நீட்டுற மாப்ள கணக்கா!"

"அண்ணே, பந்து அந்தப் பக்கம் போயிருச்சுண்ணே!"

"போகட்டும் மாப்ள! அதுக்கு ஆயிரம் வேலை இருக்கும்!"

கூட்டம் உருண்டு உருண்டு சிரித்தது. நடுவில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த வெங்கடரமணனும் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார்.

அதைத்தான் ராதாமணியால் தாங்க முடியவில்லை.

"நல்லாருக்குண்ணே! ரொம்ப நல்லாருக்கு!"

சட்டென்று எல்லோரும் திரும்பினார்கள்.

"பத்தாம் நாள் கூட முடியல. இது துக்க வீடா, டூரிங் டாக்கீஸா? ஜனகராஜண்ணே, எங்க அண்ணி பொழங்குன கரண்டி அது, கீழ வைங்க! வழியெல்லாம் செத்துச் செத்துப் பொழச்சு வாரேன். இந்தக் கூத்தைப் பாக்கவா கார்டு போட்டீங்க?"

"ராதா, ஒரு நிமிசம் வாசலுக்கு வாம்மா..."

"எதுக்கு வாசலுக்கு? இங்கயே சொல்லுங்க!"

ஜனகராஜ் வெங்கடரமணனைப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"எப்படிச் சொல்லுவீங்க? அம்புட்டுப் பேருக்கும் கண்ணு செவந்து கெடக்கு. குடிச்சிட்டு வந்து உக்காந்திருக்கீங்களா?"

அவளே போய் டி.வி.யை அணைத்தாள். அண்ணன் முகத்துச் சிரிப்பு அதற்கு முன்பே அணைந்திருந்தது. அவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

"இந்தப் பொட்டியை யாரு தூக்கிட்டுப் போறதாம்?"

"அது இங்கனயே இருக்கட்டும்மா" என்று, தலையைக் குனிந்தபடி ஜனகராஜும் படியிறங்கினார்.

கடைசியாக நின்றவன், சேலை மூட்டைகளை வண்டியில் தள்ளிக்கொண்டு போகும் சோணை. செருப்பைத் தேடுகிற மாதிரி வாசலிலேயே தயங்கிக்கொண்டிருந்தான். ராதாமணி கதவைச் சாத்த வந்தாள்.

"ஒனக்கு என்ன? யாரு ஜெயிச்சாங்கன்னு தெரியணுமா?"

"ஆட்டம் எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியாது தாயி." உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அஞ்சாம் நா ராத்திரி, அண்ணன் கொல்லையில கெணத்துச் செவர் மேல உக்காந்திருந்தாரு. காலு ரெண்டும் உள்ளாற. ஜனகராஜண்ணன் பாத்துட்டுச் சத்தம் போட்டாரு. ரெண்டு பேருமா இழுத்துப் போட்டோம்."

ராதாமணி உள்ளே திரும்பி அண்ணனைப் பார்த்தாள்.

"தொணைக்குப் படுக்க வந்தா வெரட்டுறாரு. ஆட்டம் பாக்க வந்தோம்னா ஒண்ணும் சொல்றதில்ல. அதான் ஜனகராஜண்ணன் தன் வீட்டு டி.வி.யத் தூக்கியாந்துட்டாரு. மூணு ராத்திரியா ஒருத்தரும் தூங்கல."

"அந்தக் கார்டுல... ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?"

"கார்டுல எழுதுனா தபால்காரர்லேருந்து ஒங்க மாமியா வரைக்கும் படிப்பாகளே தாயி."

இடுப்பு மடிப்பை அவிழ்த்து ஒரு சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

"கொல்லைக் கதவுச் சாவி. அண்ணன் கேட்டாக் குடுத்துராதீக. மூணரைக்கு இன்னொரு ஆட்டம் இருக்காம். போட்டு விடுங்க."

நாலு எட்டு வைத்தவன், நின்று திரும்பினான்.

"அண்ணன் சிரிச்சது இன்னைக்குத்தான் தாயி, மொதத் தடவையா."

சொல்லிவிட்டு இருட்டுக்குள் நடந்து போனான்.