மேசைக்கடியில் ஒரு கால்

இறந்தவர்களின் மூளைத்தண்டை அளக்கும் அந்த அறையில் ஒரு விதி உண்டு. அளக்கும் தண்டு குழந்தையுடையதா, பெரியவருடையதா என்று அளப்பவருக்குத் தெரியக்கூடாது. அதனால் எல்லாப் படங்களும் ஒரே அளவுக்குப் பெரிதாக்கப்பட்டு, வெறும் எண்ணோடு திரைக்கு வரும். அளப்பதற்காக ஜெசிந்தா அவற்றின் ஓரங்களில் கோடிழுத்துக்கொண்டே இருப்பாள். கண் எரியும், கழுத்து இறுகும், படங்கள் தீராது. எந்த எண்ணுக்கு என்ன வயது என்ற பட்டியல் எதிர் மேசையில் சரிபார்க்கும் மாசிலாமணியிடம் மட்டும்தான் இருக்கும்.

“உனக்குத் தெரியுதும்மா,” என்றார் அவர்.

“என்ன சார் தெரியுது?”

“குழந்தைப் படம் வந்தா உன் கால் ஆடுது. கால் விரல்ல கயிறு கட்டித் தூளி ஆட்டுவாங்களே, அப்படி. இதுவரைக்கும் ஒண்ணுகூடத் தப்பலை.”

ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். அவள் வீட்டில் தூளியை அவிழ்த்து வருடங்களாகிவிட்டன. கால்களைப் பின்னிக்கொண்டு அடுத்த படத்தைத் திறந்தாள். பாதிக் கோட்டில் பின்னல் தானாகக் கழன்று, கால் மெல்ல ஆடத் தொடங்கியது.

“பாத்தியா!” என்று சிரித்தபடி மாசிலாமணி அந்த எண்ணுக்குரிய வயதைத் தேடினார். சிரிப்பு நின்றது. “எழுபத்தொரு வயசு. ஆம்பளை.”

கால் நிற்கவில்லை.

“இருக்கட்டும் சார்,” என்றாள் ஜெசிந்தா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அவரும் தூங்கட்டும்.”