கால் பழகிய வாசல்

நல்ல பழத்தையெல்லாம் முன்னால் அடுக்கும் கடைக்காரனைப் போல, இந்தக் கல்லூரி தன் சலவைக்கல் மொத்தத்தையும் முன்வாசலிலேயே கொட்டிவிட்டது. பின்வாசலுக்கு மிஞ்சியது ஒரு தகரக் கதவும், ஈரச் சுவரும், அழுதுவடியும் ஒரு பல்பும்தான். அந்தக் கதவின் முன்னால் புதுப் புடவை கட்டிய ஒரு அம்மா, பட்டமளிப்பு விழா அழைப்பிதழோடு நிற்கிறாள். பதினோரு வருடமாக இங்கே தரை துடைப்பவள். இன்று பட்டம் வாங்குவது அவள் மகள். “என்னக்கா, இன்னைக்குமா இந்தப் பக்கம்? மூணாவது வரிசையில உங்களுக்கு நாற்காலியே போட்டிருக்காங்க!” என்கிறான் காவலாளி. “கால் அதுபாட்டுக்கு வந்துருச்சு தம்பி. சுத்திப் போயிடட்டா?” “முன்கதவைச் சாத்திட்டாங்கக்கா. இப்படியே ஏறி மேடைக்குப் பின்னால நில்லுங்க.” துடைப்பங்கள் சாய்ந்து கிடக்கும் குறுகலான படிகளில், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் ஏறுகிறாள். மேலே திரை விலகிய இடத்தில் ஒரு விரற்கடை வெளிச்சம். அதில் கறுப்பு அங்கி போட்ட மகளின் முதுகு தெரிகிறது. கைதட்டல் சடசடவென்று கொட்டுகிறது. பட்டத்தை வாங்கிய மகள் கூட்டத்தின் பக்கம் திரும்பி நின்று, மூன்றாவது வரிசையில் ஒவ்வொரு முகமாகத் தேடுகிறாள். அந்த முதுகைப் பார்த்து அம்மா கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறாள்.