போதகருக்கு ஒதுக்கிய இடம்

ஆராதனை முடிந்த கையோடு, தான் பொறுப்பிலிருக்கும் இந்த ஐந்து ஊர்ச் சபைகளை விட்டுப் போவதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போதகர் வந்திருக்கிறார். கெஞ்சிக் கூத்தாடி மாற்றல் வாங்கியாயிற்று. வீட்டில் பாதிச் சாமான் மூட்டையாகிவிட்டது. ஆனால் இந்த ஊர்ச் சபையின் கொத்தனார் அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து ஆலயத்தின் பின்பக்கம் நிறுத்தியிருக்கிறார். கல்லறைகளின் ஓரம், புல் செதுக்கிய செம்மண்ணில் நாலு முளைக்குச்சி, சுற்றிலும் கயிறு. உச்சிவெயில் அந்தக் கயிற்றுக்குள் மட்டும் விழுவதுபோல் இருக்கிறது. "உங்களுக்குத்தான் ஐயா. அஞ்சு ஊர்ச் சபையும் அடிச்சிக்கிச்சு, கடைசியில நாங்கதான் ஜெயிச்சோம். நீங்க நூறு வயசு இருப்பீங்க, அதுக்கப்புறம் இங்கயேதான்." சுற்றி நிற்கும் பெண்கள் நிறைவோடு தலையாட்டுகிறார்கள், ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். தெருவில் பைக்கில் காத்திருக்கும் போதகரின் மனைவி ஹாரன் அடிக்கிறாள். சொல்லியாச்சா என்று கேட்கிற ஹாரன். "நான் வந்து... ஒண்ணு சொல்லணும்..." "அசையாதீங்க ஐயா, அளவு தப்பிடும்." கொத்தனார் எக்கி நின்று அவர் உச்சந்தலையில் துணி டேப்பைப் பிடிக்கிறார். கீழ்முனை காற்றில் நிற்காமல் ஆடுகிறது. ஹாரன் மறுபடியும் அடிக்கிறது. போதகர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஆடுகிற முனையைத் தானே குதிகாலால் அழுத்தி மிதித்துக்கொள்கிறார்.